உப்புக் கடலில் ஒரு மின்முனை: கடத்தும் பாலிமர் மேல் பிரஷ் வளர்ப்பது எப்படி, எதற்கு

ராமநாதபுரம் கடற்கரையில் உப்பைப் பற்றிய பேச்சு துருவில்தான் தொடங்கும். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் 100 ஆண்டுக்கு மேல் அந்தத் துருவோடு மல்லுக்கட்டியது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் முகாமில் நிலையம் வைத்து உலோகங்களை இந்தக் காற்றிலும் தண்ணீரிலும் போட்டுப் பரிசோதிப்பதும் இதனால்தான்.

ஆனால் ஒரு பொருள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் துருவுக்கு முன்பே உயிர் வந்து ஏறிவிடுகிறது. சில நிமிடங்களில் கடல்நீரில் கரைந்திருக்கும் புரதமும் சர்க்கரைப் பொருள்களும் அதன்மேல் படலமாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியா. ஓரிரு நாளில் டயாட்டம் என்னும் நுண்பாசி. அதன்பின் பாசி வித்துகள், கடைசியில் கொட்டலசு (பார்னக்கிள்) என்னும் ஓட்டுயிர். கொட்டலசுக் குஞ்சின் கடைசிப் பருவம் வியப்பானது. அது இரை தின்பதில்லை. ஒட்டிக்கொள்ள இடம் தேடுவது ஒன்றே அதன் வேலை. இரண்டு உணர்கொம்புகளால் பரப்பின்மேல் நடந்து நடந்து பார்க்கிறது, நடந்த இடத்தில் புரதத் தடம் விட்டுப்போகிறது. இடம் ஒத்துவந்தால் புரதப் பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு உளியால் சுரண்டினால்தான் வரும். விசைப்படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதற்கு ஆகும் செலவு இந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு.

இதற்கு உலகம் கண்ட பெரிய மருந்து விஷம். ட்ரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைக் கலந்த பெயின்ட் கப்பல் அடியில் எதையும் அண்டவிடவில்லை. விலையைக் கொடுத்தது மற்ற உயிர்கள்: பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்தது, கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்து இனப்பெருக்கம் நின்றது. 2001இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு தடை உடன்படிக்கையை ஏற்றது, 2008 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. சங்கும் ஒரு கடல் நத்தைதான். சங்குக்கும் முத்துச்சிப்பிக்கும் பேர்போன மன்னார் வளைகுடாவின் கரையில் இருந்துகொண்டு அந்த வரலாற்றை வேறெங்கோ நடந்ததாகப் படிக்க என்னால் முடிவதில்லை. இப்போது பெரும்பாலும் புழங்கும் செப்புப் பெயின்டும் விஷத்தைக் கசியவிட்டுத்தான் வேலை செய்கிறது.

கொல்லாமல் தடுக்க முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான் பாலிமர் பிரஷ். பாக் விரிகுடாவில் அடிமணலில் வேர்பிடித்து நிற்கும் கடல்புல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை மண்ணில், மறுமுனை தண்ணீரில். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சாய்ந்து படுத்துவிடும். நெருக்கமாக முளைத்தால் ஒன்றுக்கொன்று இடம் விடாமல் நிமிர்ந்து நிற்கும். சின்ன மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்த பாலிமர் சங்கிலிகளும் அப்படியே. தனிச் சங்கிலி கரைசலில் சுருண்டு கிடக்கத்தான் விரும்பும். ஒரு முனையைப் பரப்பில் கட்டி, பக்கத்திலேயே அடுத்ததையும் கட்டினால் சுருள இடமில்லாமல் மேல்நோக்கி நீள்கிறது. அலெக்ஸாண்டர் 1977இலும் டி ஜென் 1980இலும் கொடுத்த கோட்பாடு இதைக் கணக்காக்கியது: பிரஷ்ஷின் உயரம் சங்கிலியின் நீளத்துக்கு நேர் விகிதத்தில் கூடும், நெருக்கத்தின் கனமூலத்துக்கு ஏற்பவும் கூடும். தண்ணீரை விரும்பும் சங்கிலிகளாக இருந்தால் அந்த அடுக்கு முழுக்கத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒட்ட வரும் புரதம் அந்த நீரை வெளியே தள்ளி, சங்கிலிகளையும் அமுக்க வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். பெரும்பாலான புரதங்களுக்கு அது கட்டுப்படியாவதில்லை.

நெருக்கம் என்றால் எவ்வளவு? நல்ல பிரஷ்ஷில் ஒரு சதுர நானோமீட்டருக்கு அரைச் சங்கிலி அளவில் இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 50 லட்சம் கோடி சங்கிலி. தயாராகச் செய்து வைத்த பாலிமரைக் கொண்டுவந்து ஒட்டினால் இந்த நெருக்கம் வராது. முதலில் ஒட்டியவை பின்னால் வருபவற்றுக்கு வழி மறித்துவிடும். ஆகவே சங்கிலி வளரத் தொடங்கும் புள்ளிகளான தொடக்கிகளை மட்டும் பரப்பில் முதலில் பதித்து, சங்கிலியின் கண்ணியாகும் மோனோமரை அங்கிருந்தே ஒவ்வொன்றாகக் கோத்து வளர்க்கிறார்கள். சின்ன மூலக்கூறான மோனோமருக்கு நெரிசலுக்குள் நுழைந்து போவது கடினமில்லை.

கண்ணாடி, சிலிக்கான், தங்கம் என்று எத்தனையோ பரப்பில் இதைச் செய்யலாம். அப்படியிருக்க மின்சாரம் கடத்தும் பாலிமர் எதற்கு?

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பது 1977 வரை பாடம். அந்த ஆண்டு ஷிராகாவா, மெக்டையர்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தை அயோடின் ஆவியில் காட்டினார்கள். கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் அதற்கே. பாலிஅசிட்டிலீன் காற்றில் தாங்காது. அதன் வழியில் வந்த பாலிஅனிலீன், பாலிபைரோல், பெடாட் ஆகியவைதான் புழக்கத்துக்கு வந்தன. இரும்பைத் துருவிலிருந்து காக்கும் பூச்சில் பாலிஅனிலீனுக்கு நீண்ட ஆய்வு வரலாறு உண்டு. துருப்பிடிக்காத எஃகின்மேல் அது பாதுகாப்பு ஆக்ஸைடைத் தக்கவைக்கிறது என்று 1985இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் அமிலத்தன்மை குறைந்ததும் அது கடத்துவதை நிறுத்திவிடும். பிஹெச் 4க்கு மேல் போனால் சிக்கல். கடல்நீரின் பிஹெச் 8.1 அருகே. எனவே மின்முனையாக மண்டபத்துத் தண்ணீரில் நிற்க வேண்டியது பெடாட் வகைதான். நடுநிலைக் கரைசலிலும் லேசான காரத்திலும் அது தன் வேலையை விடுவதில்லை.

தங்கத்தின்மேல் பிரஷ் கட்டுவதற்கு வழக்கமான வழி கந்தகப் பிணைப்பு. அதன் குறை, அந்தப் பிணைப்பு காற்றிலும் நீரிலும் மெல்ல ஆக்ஸிஜனேற்றம் அடையும். மின்னழுத்தம் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் கழன்று போகும். மின்முனையாக வேலை செய்ய வேண்டிய பரப்புக்கு இது பெரிய குறை. கடத்தும் பாலிமரில் தொடக்கி அந்தப் பாலிமரின் உடம்பிலேயே, எலெக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் உறுதியான கோவலன்ட் பிணைப்பால் இருக்கும். மேலும் இந்தப் படலம் எலெக்ட்ரானையும் அயனியையும் சேர்த்தே கடத்தும். தண்ணீர் உள்ளே ஊறும். அதனால் அதே அளவு தங்கத்தைவிட மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான தடை, வெகுவாகக் குறைகிறது. சின்ன உணர்கருவிக்கு இது நேரடி லாபம்.

வளர்க்கும் முறைக்கு வருவோம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் யத்ராங்கா த்ராவாஸ்-செய்டிச் தலைமையிலான குழு இந்தத் துறையில் நிறைய வேலை செய்திருக்கிறது. அடிப்படை இதுதான். பைரோல், தயோஃபீன், பெடாட்டின் கண்ணியான எடாட் போன்ற மோனோமரின் வளையத்தில் ஒரு வால் ஒட்டுகிறார்கள். அந்த வாலின் நுனியில் கார்பன்-புரோமின் பிணைப்பு. இந்த மோனோமரைக் கரைசலில் எடுத்து மின்முனைக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் வளையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கடத்தும் படலமாகப் படியும். எவ்வளவு மின்னூட்டம் கடந்தது என்று அளந்தே படலத்தின் தடிமனைத் தீர்மானிக்கலாம். படிந்து முடித்த படலத்தில் புரோமின் வால்கள் அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் தொடக்கிகள்.

இங்கே முதல் இழுபறி. வால் பெரிதாக இருந்தால் பக்கத்து வளையங்கள் தட்டையாக ஒன்றின் நீட்சியில் ஒன்று நிற்க முடியாமல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் கடத்துதிறன் குறையும். எல்லா மோனோமரும் வாலோடு இருந்தால் தொடக்கி ஏராளம், மின்சாரம் குறைவு. அதனால் வாலில்லாத எடாட்டையும் கலந்து படியவிடுகிறார்கள். எந்த விகிதத்தில் கலக்கிறோம் என்பதே பிரஷ்ஷின் நெருக்கத்தையும் படலத்தின் கடத்துதிறனையும் ஒருசேர முடிவு செய்கிறது. இரண்டு மோனோமரும் ஒரே வேகத்தில் சேர்வதில்லை என்பதால் கரைசலில் வைத்த விகிதம் படலத்தில் அப்படியே வராது. எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலையில் புரோமினை எண்ணித்தான் உண்மை விகிதம் தெரியும்.

அடுத்தது வளர்ப்பு. 1995இல் மத்யாஷெவ்ஸ்கியும் சவமோட்டோவும் தனித்தனியே கண்டுபிடித்த ஏ.டி.ஆர்.பி. (அணு மாற்றத் தனியுறுப்புப் பாலிமராக்கம்) என்ற முறை இங்கே உதவுகிறது. ஒற்றை ஏற்றச் செம்புச் சேர்மம் வால் நுனியின் புரோமினைப் பிடுங்கிக்கொள்கிறது. அங்கே பிறந்த தனி எலெக்ட்ரான் சில மோனோமர்களைக் கோத்துக்கொள்கிறது. இரட்டை ஏற்றமாகிவிட்ட செம்பு புரோமினைத் திருப்பிக் கொடுத்து அந்த நுனியை உறங்க வைக்கிறது. பிறகு மறுபடி பிடுங்கல், மறுபடி கோப்பு. எந்த நொடியிலும் பெரும்பாலான நுனிகள் உறக்கத்தில் இருப்பதால் இரண்டு நுனிகள் மோதி அழிவது அரிது. எல்லாச் சங்கிலியும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வளர்கின்றன. சில மணி நேரத்தில் பத்து முதல் நூறு நானோமீட்டர் வரை தடிமன் கிடைக்கும்.

ஆக்ஸிஜன் புகுந்தால் இந்த வேலை நின்றுவிடும் என்பதால் நைட்ரஜன் சூழலும் வெற்றிடக் குழாயும் வேண்டியிருந்தன. இரண்டு மாற்றங்கள் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தின. 2011இல் மத்யாஷெவ்ஸ்கி குழு, செம்பின் ஏற்றத்தை மின்முனையில் கொடுக்கும் மின்னழுத்தத்தாலேயே கூட்டிக் குறைத்து வளர்ச்சியை ஓட்டவும் நிறுத்தவும் முடியும் என்று காட்டியது. அதன்பின் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் ரைனர் யோர்டான் குழு வெறும் செப்புத் தகட்டைத் தொடக்கிப் பரப்பின்மேல் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, நடுவே சில துளி மோனோமர் கரைசலை விட்டு, திறந்த காற்றிலேயே பிரஷ் வளர்த்தது. நம் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்று தொடங்க விரும்பினால் இந்தச் செப்புத் தகடு முறையைத்தான் நான் கைகாட்டுவேன். மின்னழுத்த முறை கடத்தும் பாலிமருக்குப் பொருத்தமாகத் தெரிந்தாலும் அதில் ஒரு பொறி உண்டு: அழுத்தத்தை அதிகம் எதிர்ப்பக்கம் தள்ளினால் அடியில் இருக்கும் படலமே தன் ஏற்றத்தை இழந்து கடத்தாமல் போகும்.

எந்த முறையானாலும் செம்பு மிச்சம் இருக்கும். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். படலமும் பிரஷ்ஷும் நீர் ஊறும் பொருள்கள். செம்பு அவற்றுக்குள் தங்கும். அப்படியே கடலில் இறக்கினால் பாக்டீரியாவும் கொட்டலசும் வராமல் இருக்கலாம், ஆனால் காரணம் பிரஷ் அல்ல, கசியும் செம்பு. விஷமில்லாத பரப்பு என்று எழுதிவிட்டு விஷத்தையே அளந்ததாக ஆகும். உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலில் திரும்பத் திரும்பக் கழுவி, மிச்சத்தை அளந்து காட்டாத எந்தக் கடல் சோதனையையும் நம்பக் கூடாது.

இனி உப்பு. ஆய்வகத்தில் நன்றாக நடந்த பலவும் இந்தக் கரைக்கு வந்தால் ஏன் தடுமாறும் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. இவ்வளவு அயனிகள் நடுவே ஒரு மின்னேற்றத்தின் செல்வாக்கு அரை நானோமீட்டருக்குள் மங்கிவிடுகிறது. எதிர்மின் ஏற்றமோ நேர்மின் ஏற்றமோ மட்டும் கொண்ட பிரஷ், உப்புக் குறைந்த நீரில் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் அதற்குள் அடைபட்ட எதிர் அயனிகள் நீரை உள்ளே இழுக்கும் ஊடுபரவல் அழுத்தம். வெளியே உப்பு அதற்கு ஈடாக ஏறிவிட்டால் அந்த அழுத்தம் போய் பிரஷ் அமுங்கிவிடும். கார்பாக்ஸில் தொகுதி கொண்ட பாலிஅக்ரிலிக் அமிலப் பிரஷ்ஷுக்கு இன்னொரு அடியும் உண்டு: கடல்நீரில் ஒரு கிலோவுக்கு 0.4 கிராம் கால்சியமும் 1.3 கிராம் அளவு மக்னீசியமும் இருக்கின்றன. இரட்டை ஏற்றமுள்ள இந்த அயனிகள் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைப் பிணைத்து இறுக்குகின்றன. சோடியம் குளோரைடு மட்டும் கரைத்த நீரில் சோதித்தவருக்கு இது கண்ணில் படாது.

மாறாக, ஒரே கண்ணியில் நேர்மின் ஏற்றமும் எதிர்மின் ஏற்றமும் சேர்ந்திருக்கும் ஸ்விட்டரயான் சங்கிலிகள் உண்டு. சல்ஃபோபீட்டைன் மெத்தக்ரிலேட் அதில் பேர்பெற்றது. நல்ல தண்ணீரில் இவை தம் ஏற்றங்களைத் தமக்குள்ளேயே இணைத்துக்கொண்டு சுருங்கிக் கிடக்கும். உப்பு சேர்ந்தால் அந்த இணைப்பு அவிழ்ந்து விரிகின்றன. மற்ற பிரஷ் அமுங்கும் அதே கடல்நீரில் இது நிமிர்கிறது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் எந்தப் பிரஷ் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பாலிஎத்திலீன் கிளைக்கால் வகையும் உப்பைத் தாங்கும், ஆனால் அது காலப்போக்கில் ஆக்ஸிஜனேற்றத்தில் சிதையும்.

மின்சாரத்தால் பிரஷ்ஷை விரித்துச் சுருக்குவது இந்தத் துறையின் பெரிய கவர்ச்சி. அடியில் இருக்கும் படலத்தை ஆக்ஸிஜனேற்றினால், ஒடுக்கினால், அயனிகள் உள்ளே வந்தும் வெளியே போயும் பிரஷ்ஷின் சுற்றுப்புறம் மாறும். பிரஷ் அதற்கேற்ப நடந்துகொள்ளும். நீர்த்த கரைசலில் இதை மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறார்கள். கடலில் இதை நம்பிப் போவது சரியில்லை என்பது என் கணிப்பு. மின்புலம் அரை நானோமீட்டரில் மறைந்துபோகும் நீரில் 50 நானோமீட்டர் உயரப் பிரஷ்ஷுக்குப் பரப்பின் ஏற்றம் எட்டாது. படலம் வெளிவிடும் அயனிகளும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் உப்புக்கு முன் ஒரு பொருட்டில்லை. மின்முனையில் குளோரின் உண்டாக்கிச் சுத்தம் செய்யலாமே என்றால், அதற்குத் தேவையான மின்னழுத்தம் கடத்தும் பாலிமரையே மிகை ஆக்ஸிஜனேற்றத்தால் கெடுத்துவிடும். ஆகக் கடலில் மின்சாரத்தின் வேலை பிரஷ்ஷை ஆட்டுவது அல்ல. பிரஷ்ஷைத் தாண்டி வரும் செய்தியைக் கேட்பது.

படகுக்கு இது ஆகுமா என்று இங்கே யாரும் கேட்பார்கள். ஆகாது. நாட்டுப்படகும் வல்லமும் மணலில் இழுபடுகின்றன. முதல் இழுப்பிலேயே நானோமீட்டர் கணக்கில் இருக்கும் அடுக்கு தேய்ந்து போகும். விசைப்படகின் அடிப்பரப்பு முழுவதற்கும் மின்வழியில் படலம் படியவைத்துப் பிரஷ் வளர்ப்பது நடக்கிற காரியமும் இல்லை. இந்த ஆய்வைப் பற்றிய செய்திகளில் கப்பலும் எரிபொருள் மிச்சமும் முதலில் வந்துவிடுகின்றன. அந்த எதிர்பார்ப்பு நல்ல வேலைக்கே கெட்ட பெயர் வாங்கித் தரும்.

இது பொருந்தும் இடம் சில மில்லிமீட்டர் அகலமுள்ள உணர்கருவியின் முகம். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் பெருக்கம், ஊரில் பூங்கோரை என்பார்கள். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் 2010இல் கடல்விரால் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டபின் கூண்டு மீன் வளர்ப்பு இந்தப் பகுதியில் வேர்விட்டது. மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் தண்ணீரில் சத்து உப்பு எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு, உயிர்வளி எவ்வளவு என்பது நாளுக்கு நாள் தெரிய வேண்டும். கருவி இல்லாமல் இல்லை. இறக்கிய சில வாரத்தில் அதன் முகத்தில் பாசியும் கொட்டலசும் ஏறி, அது கடலை அளப்பதற்குப் பதிலாகத் தன்மேல் ஒட்டியிருப்பதை அளக்கத் தொடங்கிவிடும். துடைக்கும் கையும் செப்புக் கூடும் வைத்து வரும் கருவிகள் விலை கூடியவை. மின்முனையால் அளக்கும் கருவிகளுக்கு வெறும் காப்புப் பூச்சு பூசவும் முடியாது; பூசினால் சைகை வராது. நீரை ஊறவிட்டு, அயனியைக் கடக்கவிட்டு, புரதத்தை மட்டும் நிறுத்தும் அடுக்கு வேண்டும். பெடாட் மேல் வளர்ந்த ஸ்விட்டரயான் பிரஷ் இந்த விவரணைக்கு நெருங்கி வருகிறது.

நெருங்கி வருகிறது என்றுதான் சொல்ல முடியும். பிரஷ் மிக நெருக்கமானால் அளக்க வேண்டிய மூலக்கூறும் மெதுவாகத்தான் உள்ளே வரும். கருவி சோம்பிப் போகும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள். வாடைக்காற்றில் அடிச்சேறு கிளம்பிவிடும். சேற்றுத் துகளுக்குப் புரதத்தின் நியாயம் பொருந்தாது. அது வந்து படிந்தால் அதன்மேல் பாக்டீரியா தாராளமாகக் குடியேறும், அடியில் என்ன பிரஷ் இருந்தாலும்.

எல்லாவற்றிலும் என்னைக் கவலைப்படுத்துவது அடி முடிச்சு. நெருக்கமான பிரஷ் நீரில் ஊறி விரியும்போது ஒவ்வொரு சங்கிலியும் தன் வேரை இழுக்கிறது. வாலையும் வளையத்தையும் இணைப்பது பெரும்பாலும் எஸ்டர் பிணைப்பு. லேசான காரமான, வெதுவெதுப்பான நீரில் எஸ்டர் மெல்ல அறுபடும், இழுவிசை இருந்தால் இன்னும் விரைவாக. சிலிக்கான் பரப்பில் வளர்த்த பிரஷ் ஊறி ஊறித் தானே கழன்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். உப்பில் நன்றாக நிமிரும் சங்கிலியே தன் வேரை அதிகம் இழுக்கும். எஸ்டருக்குப் பதில் அமைடு பிணைப்பு வைத்து மோனோமர் செய்தால் அறுபடுவது மிகவும் தாமதமாகும். செய்வதற்குக் கூடுதல் வேலை, ஆனால் கடலுக்கு அனுப்புவதானால் அந்த வேலையை மிச்சம் பிடிக்கக் கூடாது.

சோதனைக்கு மண்டபம் போல் இடம் கிடைப்பது அரிது. நிலத்தின் ஒரு பக்கம் கலங்கலான ஆழமற்ற வடகடல், அதாவது பாக் விரிகுடா; சில கிலோமீட்டர் தள்ளி மறுபக்கம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. வெறும் தங்கம், வெறும் பெடாட், எஸ்டர் வேரில் பிரஷ், அமைடு வேரில் பிரஷ் என நான்கு வகை மின்முனைகளைச் செம்பு கழுவி, மிச்சத்தை அளந்து குறித்துவிட்டு, ஒரே சட்டத்தில் பூட்டி இரண்டு கடலிலும் தொங்கவிடலாம். வாரந்தோறும் மேலே எடுக்காமலே மின்மறுப்பை அளக்கலாம்; கடத்தும் பாலிமரின் பெரிய வசதி இது, பரப்பில் என்ன ஏறுகிறது என்று பரப்பே சொல்லும். பிரஷ் கழன்றால் மின்மறுப்பு ஒரு விதமாக மாறும், சேறு படிந்தால் வேறு விதமாக, பாக்டீரியாப் படலம் தடித்தால் இன்னொரு விதமாக. வாடைக்காலம் முழுக்க இந்த அளவுகள் கையில் இருந்தால், வடகடலுக்குக் குட்டையான பிரஷ்ஷும் தென்கடலுக்கு நீளமானதும் வேண்டுமா, அல்லது இரண்டுக்கும் ஒன்றே போதுமா என்று முடிவு செய்யலாம்.